மட்டை இல்லாத கிரிக்கெட் வீரன்

சிட்னியில் இறங்குவதற்கு முன்பு விமானத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். மண் வைத்திருக்கிறாயா, விதை வைத்திருக்கிறாயா, உயிருள்ள பிராணி வைத்திருக்கிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொன்னார். "இல்லை" என்று போட்டு, பெட்டிக்குள் ஏதாவது அகப்பட்டுவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சோதனை மேசையில் நின்ற அம்மாள் அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "பிராணி எங்கே?" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் புரிந்தது. பெட்டியைத் திறந்து கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் எடுத்து வைத்து, "நோ அனிமல்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஊறுகாய்ப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் சிரித்து, "போங்கள்" என்று கை காட்டினார். வெளியே வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

தம்பி மகள் அபி காத்திருந்தாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, செவன் ஹில்ஸில் வீடு. விடுப்பு கிடைத்ததும் அவள்தான் என்னை மெல்பர்னுக்கு, அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. "பெரியப்பா, ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். காரை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்று, "அப்பாவோட கதைப்பீங்கதானே?" என்று கேட்டாள்.

நான் வந்ததே அதற்குத்தான். என் தம்பி சேகருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று மெல்பர்ன் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்தால் பேச்சு போய்விடும். பேச்சில்லாமல் எதற்கு இருக்க வேண்டும் என்று அவன் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டான். மூன்றாவது தேதியையும் தள்ளினால் பிறகு கத்தி வைத்துப் பயனில்லையாம். தம்பி மனைவி சுபா யாழ்ப்பாணத்துப் பெண், எளிதில் கலங்காதவள். அவளே போனில் அழுதாள். "அத்தான், நான் சொல்லிக் கேக்கிறார் இல்லை. மகள் சொல்லியும் கேக்கேல்ல. நீங்கள் ஒருக்கா வாங்கோ."

ஆளைத் தேடிப் பிடித்தாள் பாருங்கள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டினேனா என்று திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவன் நான். பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கும்போதுகூடப் பேச்சு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எஞ்சினியருக்குப் படித்த தம்பியிடம் நான் என்ன பேசி என்ன ஆகப்போகிறது? இதே கவலைதான் விமானத்தில் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாமே.

அபி காலையில் ரொட்டிமேல் அவகாடோ என்று ஒரு பச்சைப் பழத்தை மசித்துத் தடவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். உப்பு போட்ட வெண்ணெயைச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. "நல்லாயிருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு, அவள் வேலைக்குப் போன பிறகு கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டேன். இந்த ஊரில் காலை நேரத்துத் தெரு இருக்கிறதே, நம் ஊரில் ஊரடங்கு போட்டால்கூட அப்படி இருக்காது. ஒரு சைக்கிள் மணி இல்லை, பால்காரர் இல்லை, சண்டை இல்லை. வெள்ளைக் கொண்டைக் கிளிகள் மட்டும் மின்கம்பியில் உட்கார்ந்து ஊரையே ஏசிக்கொண்டிருந்தன.

மறுநாள், நகரத்தைத் தனியாகப் பார்த்து வாருங்கள் என்று அபி ரயில் அட்டையும் வழியும் கொடுத்து அனுப்பினாள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போதுதான் தவறு. செவன் ஹில்ஸ் பக்கம் போகிற ரயில்தானே என்று ஏறி உட்கார்ந்து, ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரியைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். "கடலைப் பார்த்தேன், கடலை! கடலை மிட்டாய் இல்லடி, கடல்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பெட்டி முழுக்க என்னையே பார்ப்பது தெரிந்தது. முன்னால் இருந்த கிழவர் மேலே ஒட்டியிருந்த பலகையைக் காட்டினார். வாயில் விரல் வைத்த படம். அது பேசக்கூடாத பெட்டியாம். ரயிலில் பேசாமல் வருவதற்கென்று தனிப் பெட்டி! நம் ஊரில் அப்படி ஒன்றை மாட்டினால் அதில் ஏறியவன் தூங்கி, ஊரைத் தாண்டிப் போவான்.

நானும் தாண்டித்தான் போனேன். அது மலைப்பக்கம் போகிற ரயில். செவன் ஹில்ஸ் நிலையம் ஜன்னலில் ஓடி மறைந்தது. யாரையும் கேட்க முடியாது, பேசக்கூடாது. எதிரே ஓர் ஆள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட பழைய படக்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சைகையில் நிலையத்தையும் என்னையும் காட்டிக் கையை விரித்தேன். அவரும் சைகையிலேயே, அடுத்ததில் இறங்கு, எதிர்ப்பக்கம் போ, வேறு ரயிலில் ஏறு என்றார். சுத்தமாகப் புரிந்தது. என்னோடு ஆங்கிலத்தில் பேசியவர்கள் யாரும் இவ்வளவு புரியும்படி பேசியதில்லை.

பதற்றம் குறைந்த பிறகுதான் அவர் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். இறுக்கமான உடுப்பு, முகமூடி, பறக்கும் சட்டை. பரமசிவம் அண்ணாச்சியின் சலூன் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

கோவில்பட்டியில் அந்தச் சலூனில் காத்திருப்பவர்களுக்காகத் தமிழில் வந்த படக்கதைகள் கிடக்கும். அமெரிக்கக் கதைகளை யாரோ தமிழாக்கி, மலிவுத் தாளில் அச்சடித்து விடுவார்கள். நானும் சேகரும் முடி வெட்டப் போனால், "நீங்க முதல்ல உக்காருங்கண்ணே" என்று பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுப் படிப்போம். சேகர்தான் குரல் கொடுத்துப் படிப்பான். வில்லனுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல். தாடியில் சோப்போடு உட்கார்ந்திருப்பவர்கள்கூட, "சத்தமாப் படிடா" என்பார்கள்.

பெரிய நாயகர்களை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மலையைத் தூக்குகிறவனுக்கு என்ன கவலை இருக்கப்போகிறது? எங்களுக்குப் பிடித்தவன் புத்தகத்தின் கடைசியில் சில பக்கங்கள் மட்டும் வருகிற ஒரு சின்ன நாயகன். பெயர் "நள்ளிரவுக் கிரிக்கெட் வீரன்". அப்போது ஊரெல்லாம் கிரிக்கெட் பைத்தியம். அவனும் ஆட்டக்காரன் மாதிரியேதான் இருப்பான். காலில் தடியாக பேட் கட்டியிருப்பான். முழங்கையில் தடுப்பு. தலையில் ஹெல்மெட், அதன்மேல் நீளமாக இரண்டு ஏரியல். நேர்முக வர்ணனை கேட்கத்தான் ஏரியல் என்று சேகர் விளக்கம் சொல்வான். எல்லாம் சரி, கையில் மட்டைதான் கிடையாது. எந்தக் கதையிலும் கிடையாது.

அவனுக்கு எதிரி டாக்டர் பஞ்சு. நகரத்து ஓசைகளையெல்லாம் பஞ்சு வைத்து அடைக்கிறவன். எங்கள் ஊரில் பஞ்சாலைகள் உண்டு என்பதால், இவன் ஏதோ மில் முதலாளிக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தோம். ஒரு கதையில் டாக்டர் பஞ்சு நம் ஆளின் இரண்டு கைகளிலும் பஞ்சைத் திணித்து, அவன் சக்தியை அடைத்துவிடுவான். நம் ஆள் மாடிப்படியின் இரும்புக் கம்பியில் எதையோ வைத்துத் தேய்ப்பான். படம் முழுக்க "க்ரீச், க்ரீச்" என்று எழுதியிருக்கும். அந்த இடம் வந்ததும் சேகர் அண்ணாச்சியின் சீப்பை எடுத்து அதன் பல்லில் நகத்தால் இழுப்பான். க்ரீச்! கண்ணாடிகள் நொறுங்கும், டாக்டர் பஞ்சு காதைப் பொத்திக்கொண்டு விழுவான். அடுத்த பக்கத்தில் வீரன் மொட்டைமாடி விளிம்பில் நின்று, "மீண்டும் களத்தில் சந்திப்போம், பஞ்சு!" என்பான்.

அதற்கடுத்த பக்கம் இல்லை. சவரக் கத்தியில் வழித்த சோப்பைத் துடைக்க அண்ணாச்சி புத்தகங்களின் பின்பக்கத்திலிருந்துதான் கிழிப்பார். "அந்தப் பக்கத்துலதான் மட்டையை எடுத்திருப்பான்" என்று சேகர் அடித்துச் சொன்னான். அண்ணாச்சியோடு சண்டைகூடப் போட்டான். அவர், "கதை தெரிஞ்சு என்ன செய்யப்போற? தலையைக் குனி" என்று மிஷினை வைத்துவிட்டார்.

ரயிலில் இருந்த ஆளிடம் புத்தகத்தைக் காட்டி, எங்கே வாங்கினீர்கள் என்று கையால் கேட்டேன். போனில் கடையின் இடத்தைக் காட்டினார். தம்பியிடம் பேச எனக்கு வாய் இல்லாவிட்டாலும் கையில் ஏதாவது இருக்குமே என்று தோன்றியது.

அபி மறுநாள் விடுப்பு எடுத்துக் கூட்டிப் போனாள். நகரத்தில் ஒரு நிலவறைக் கடை. கால்வரை தாடி என்று சொல்லலாம், அப்படி ஓர் ஆள் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தார். "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார். எதை என்று கேட்கவில்லை, யாரை என்றுதான் கேட்டார். பிடித்துப்போயிற்று எனக்கு.

"கிரிக்கெட் ஆடுற சூப்பர் ஹீரோ" என்று அபியைச் சொல்லச் சொன்னேன்.

தாடிக்காரர் தலையை ஆட்டினார். "அமெரிக்காக்காரனுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாதே. நாங்கள் ஐந்து நாள் ஆடுவோம் என்றால் பைத்தியம் என்பான்."

"இல்லை, இருக்கான்" என்றேன் நான். விடவில்லை. காலைத் தட்டி பேட் கட்டுவதைக் காட்டினேன். முழங்கையைக் காட்டினேன். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தலைமேல் நிமிர்த்தி ஏரியலைக் காட்டினேன். "எதிரி பஞ்சு டாக்டர்" என்று, நான் வழியில் சொல்லியிருந்ததை அபி சேர்த்தாள்.

தாடிக்காரர் வறுவலைக் கீழே வைத்தார். கண் விரிந்தது. மேசையில் ஓங்கி அடித்துச் சிரிக்க ஆரம்பித்தார். அபியிடம் ஏதோ சொன்னார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னவோ, ஏதோ என்று எனக்குப் பதற்றம்.

"பெரியப்பா… கிரிக்கெட் எண்டா இது விளையாட்டு இல்லை. பூச்சி."

"என்ன பூச்சி?"

"இருட்டினாக் கத்துமே. கிர்ர், கிர்ர்…"

"சில்வண்டா?"

"ஓம்."

நான் அங்கிருந்த புத்தக மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஏரியல் இல்லை, அது மீசை. பேட் இல்லை, அது பூச்சியின் தொடை. தடுப்பு இல்லை, ரம்பம்போல் இருக்கும் முன்னங்கை. அதைத் தேய்த்துத்தான் ஓசை. எங்கோ உட்கார்ந்து தமிழாக்கியவர் பெயரைப் பார்த்ததும் மட்டையும் பந்தும்தான் நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நானும் அதைத்தானே நினைத்திருப்பேன்!

தாடிக்காரர் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். யாரும் கேட்காத சின்ன நாயகர்களுக்கும் சின்ன வில்லன்களுக்கும் அவர் வைத்திருக்கும் தனிப் பெட்டியாம். ஒவ்வொருவராக எடுத்து அறிமுகம் செய்தார். ஆறிப்போன எதையும் பார்வையாலேயே சூடாக்குகிறவன். இரண்டு கதையோடு சரி. நிழலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பெண். படிக்கட்டுகளோடு பேசத் தெரிந்த ஒரு கிழவர். ஊரிலுள்ள பொத்தான்களையெல்லாம் கழன்று விழச்செய்யும் வில்லன். சிறைக்குப் போனவன் திரும்பவே இல்லை, அடுத்த கதை எழுதக் கதாசிரியருக்கு மறந்துவிட்டது. "ஊரை அழிக்க வந்தவனை ஊரே மறந்துவிட்டது. ஒரு வில்லனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அடியிலிருந்து நம் ஆளை எடுத்தார். அதே கதை. அதே பச்சை உடுப்பு. "கடைசிப் பக்கம் இருக்கிறது, கிழியவில்லை" என்று பிரிக்கப்போனார். "வேண்டாம், வேண்டாம்" என்று கையைப் பிடித்துவிட்டேன். அதை நான் மட்டும் பார்ப்பது நியாயமில்லை. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

மெல்பர்னுக்கு அபியின் காரில் போனோம். வழியில் ஓர் ஊரில் மூன்று மாடி உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஆடு கட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த உயரத்துக்குச் சிலை வைத்தால் கீழே உண்டியல் இருக்கும். அங்கே தொப்பி விற்கும் கடை இருந்தது. ஆட்டை அரைகுறையாகத்தான் பார்த்தேன். ஒரு புதுக் கவலை வந்திருந்தது. கத்திக்கும் பயந்து கிடப்பவனிடம் போய், நீ கும்பிட்ட வீரன் ஒரு பூச்சி என்று சொல்வதா?

மெல்பர்னில் ரோவில் என்கிற பகுதியில் வீடு. சேகர் பின்கட்டுப் புல்தரையில் உட்கார்ந்திருந்தான். கிரிக்கெட் குழுவின் தொப்பி, கழுத்தில் துண்டு. இளைத்திருந்தான். குரல் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி வந்தது.

"வந்துட்டியா அண்ணே. உன்னையும் வரவச்சுட்டாளா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு…"

"சும்மா பாரு. ஆபரேஷன் கீபரேஷன்னு பேசினே, அடுத்த பிளேன்ல ஏத்தி விட்ருவேன்."

நான் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சுபா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்து மறுவீட்டு விருந்து. இலை போட்டு, இஞ்சித் துவையல் வைத்து, ஊர்கூடிச் சாப்பிடுவது. இவள் வீட்டில் தினமும் சொதி. தினமும் விருந்து நடக்கிற வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டோம். சேகர் இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் விழுங்கினான்.

அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோது சுபா மெதுவாகக் கேட்டாள். "அத்தான், நீங்கள் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லயே?"

"பிளேன்ல ஏத்திருவேன்ங்கிறான்மா."

"ஏத்தட்டும். டிக்கெட்டுக்கு அவர்தானே அலைய வேணும்." சொல்லிவிட்டுத் தேங்காய் திருவத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து நான் தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சேகர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போனான். தமிழ்க் குழுக்கள் ஆடும் கிரிக்கெட் ஆட்டம். மரத்தடியில் சின்ன மைக், ஸ்பீக்கர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பல வருடங்களாக வர்ணனை சேகர்தானாம். எனக்குத் தெரியாது. அவன் மைக்கைப் பிடித்ததும் சலூன் திரும்பி வந்துவிட்டது.

"வாராரு நம்ம டாக்டர் தம்பி. நேத்து நைட் டூட்டி. கண்ணு இன்னும் ஆஸ்பத்திரியிலயே இருக்கு, உடம்பு மட்டும் இங்க வந்துருக்கு. அடிச்சாரு… பந்து போகுது… ரோட்டைத் தாண்டுது… கவுன்சில் குப்பைத்தொட்டி! சிவப்பு மூடி! மறுசுழற்சிக்கு ஆகாத ஷாட்டுய்யா அது!"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பந்துக்கு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. மைதானத்தில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் ஓடிவந்து, "சேகர் அண்ணை, குடுங்கோ, நான் கொஞ்ச நேரம் பாக்கிறன்" என்று கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

காரில் வரும்போது, இருமலுக்கு நடுவே சொன்னான். "இதுதாண்ணே நான். இதை வெட்டி எடுத்துட்டா மிச்சம் யாரு?"

எட்டரை மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கிற ஊர் அது. பின்கட்டில் அவன் போய் உட்கார்ந்ததும் அபி கொண்டுவந்த உறையை அவன் மடியில் வைத்தேன்.

அட்டையைப் பார்த்தவன் என்னைப் பார்த்தான். "அண்ணே… நம்ம ஆளு!"

"கடைசிப் பக்கம் இருக்கு. நான் இன்னும் பாக்கலை."

அவன் நேராகப் பின்பக்கத்துக்குப் போனான். டாக்டர் பஞ்சு விழுகிறான். மொட்டைமாடி விளிம்பு. திருப்பினான்.

அடுத்த பக்கத்தில் நெஞ்சை விடைத்துக்கொண்டு ஒரு மனிதன் நின்றான். உடம்பை வளர்க்கும் சுருள்கம்பி விளம்பரம்!

இருவரும் அந்த ஆளின் புஜத்தையே பார்த்தோம். "நம்ம புத்தகத்துல இந்த இடத்துல பல்பொடி விளம்பரம் இருந்திருக்கும்" என்றான் சேகர் மெதுவாக. "இதுக்காண்ணே அண்ணாச்சிகிட்டச் சண்டை போட்டேன்?"

"கதை தெரிஞ்சு என்ன செய்யப்போறன்னு அவரு அப்பவே கேட்டாருடா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும் அடக்க முடியாமல், "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. அவன் கிரிக்கெட் வீரன் இல்லை. சில்வண்டு" என்று சொல்லிவிட்டேன். ஏரியல், பேட் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நாற்காலியோடு சாய்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். இருமல் பிடித்துக்கொண்டது. சுபா கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன செய்யுது? என்ன செய்யுது இவருக்கு?" அபியும் வந்துவிட்டாள்.

"சும்மா இரு" என்று கையைக் காட்டியவன் திடீரென்று குனிந்து புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது. "அபி, எனக்குக் கண்ணு மறைக்குது, இதைப் படி. அவன் என்ன பேசுறான்?"

அபி பக்கம் பக்கமாகப் பார்த்தாள். "அவன் ஒண்டும் பேசேல்லையே அப்பா."

"சரியாப் பாரு. பஞ்சுகிட்ட என்ன சொல்றான்?"

"டாக்டர் பஞ்சு பேசுறார். பொலிஸ் பேசுது. இவன் பேசுறதே இல்லை. இவனுக்கு 'சிர்ர்' எண்டு ஓசை மட்டுந்தான் போட்டிருக்கு. கடைசிப் படத்தில அதுவும் இல்லை. சும்மா நிக்கிறான்."

"அப்ப, 'மீண்டும் களத்தில் சந்திப்போம், பஞ்சு'?"

நான்தான் சொன்னேன். "தமிழாக்கினவரு எழுதினதா இருக்கும்டா. பொம்மை சும்மா நிக்குதேன்னு."

சேகர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். நாங்கள் அத்தனை வருடம் மனப்பாடமாகச் சொன்ன வசனம் ஒன்றுகூட அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவனுக்கு வாயே இல்லை. யாரோ அவனுக்காகப் பேசியிருக்கிறார்கள், சேகர் குரல் கொடுத்திருக்கிறான், சலூன் முழுக்கக் கேட்டிருக்கிறது. வேலியோரப் புல்லில் சில்வண்டுகள் ஆரம்பித்தன.

"பேசாமலே பஞ்சை விழுத்தாட்டிட்டான்" என்றான். பிறகு, யாரையும் பார்க்காமல், "எனக்கு எவன் வசனம் எழுதுவான்?" என்று கேட்டான்.

சுபா கரண்டியை இடுப்பில் ஊன்றினாள். "எவனோ? இப்பவே பாதி வசனம் நான்தான் எழுதுறன். பாங்கில ஆர் கதைக்கிறது? உங்கட அம்மாவோட ஆர் கதைக்கிறது? போன கிழமை பக்கத்து வீட்டுக்காரனோட வேலிக்குச் சண்டை பிடிச்சது ஆர்?"

"நீ மாத்தி எழுதுவியே."

"எழுதுவன்தான். நீங்கள் சீப்பைக் கீப்பை எடுத்துத் தேய்ச்சு, 'இல்லை' எண்டு சொல்லுங்கோ."

சீப்புக் கதை அவளுக்கும் தெரிந்திருக்கிறது! கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருப்பான் போல. அவன் அவளையே பார்த்தான். பிறகு அபியிடம், "அந்தத் தேதி எப்ப?" என்றான். சுபா அடுப்படிக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்து விட்டது எங்களுக்குக் கேட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவன் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தான். உருப்படியாக ஒன்றுமில்லை. பழைய ஆட்டங்கள், யார் யார் எப்படி அவுட் ஆனார்கள், அவ்வளவுதான். அபி போனில் பதிவு செய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் கதவு மூடிய பிறகு நான் வராந்தாவில் நடந்த நடைக்குக் கோவில்பட்டியே வந்திருக்கும். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னதை அபி மொழிபெயர்த்தாள். நான் நம்பாமல் திரும்பக் கேட்கச் சொன்னேன், கேட்டாள்.

கண் விழித்து, கழுத்தில் குழாயோடு கிடந்தவன் கையை நீட்டினான். எழுதுகிற பலகையை நர்ஸ் கொடுத்தாள். அதைத் தள்ளிவிட்டான். சுபா கைப்பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து அவன் விரலில் வைத்தாள். ஒரு முறை இழுத்தால் ஆமா, இரண்டு முறை என்றால் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். க்ரீச். பயமாக இருக்கிறதா? கொஞ்சம் யோசித்தான். க்ரீச், க்ரீச். அது பொய் என்று நினைக்கிறேன். திரும்பக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து கடையைத் திறந்த முதல் நாள், துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ரோவில் வீட்டு எண். எடுத்து "ஹலோ" என்றேன். பதில் இல்லை. "ஹலோ, ஹலோ" என்றேன். மூச்சுகூடக் கேட்கவில்லை. தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பருப்பு கொட்டிவிட்டது.

க்ரீச்.

"டேய்! வந்து சேர்ந்துட்டேன்டா. பெட்டியும் வந்துருச்சு. ஒண்ணும் தொலையலை. நீ சாப்பிட்டியா?"

க்ரீச்.

பருப்பு வாங்க வந்த ஆசிரியர் அம்மா, "யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"தம்பி. ஆஸ்திரேலியாவுல இருந்து."

"என்ன சொல்றாரு?"

சிந்திய பருப்பைக் கூட்டியபடியே யோசித்தேன். "'அண்ணே, நீ வந்ததாலதான் பிழைச்சேன்'ங்கிறான்."

ஸ்பீக்கரில் இருந்தது போலும். போனுக்குள்ளிருந்து வேகமாக இரண்டு க்ரீச். பின்னால் சுபா சிரிப்பது கேட்டது.

"இல்லையாம்மா" என்றேன். "'பருப்பைக் கீழ கொட்டாம நிறு'ங்கிறான்."

ஒரே ஒரு க்ரீச்.